சேவலின் முட்டை நிறம்

எங்கள் பிரிட்ஜ் கதவில் பெயின்ட் கடையின் நிற அட்டை ஒன்று காந்தத்தில் தொங்குகிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை. அட்டையின் பழுப்பு வரிசைகளில் ஒன்பது கட்டங்களைப் பொறுக்கி, வெளிறியதிலிருந்து கறுத்ததுவரை இலக்கம் போட்டு வைத்திருக்கிறேன். 1 தேங்காய்ப்பால். 3 பால் தேத்தண்ணி. 5 நன்றாக வெந்த பாணின் மேல்தோல். 7 கித்துள் கருப்பட்டி. 8க்கும் 9க்கும் பெயர் வைக்கவில்லை. அந்த நிறத்தில் இந்த வீட்டில் இன்னும் முட்டை விழவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் மகள் குசினி ஜன்னலடியில் முட்டையை அட்டையோடு பிடித்துப் பார்த்து இலக்கத்தைக் கத்துவாள், நான் கொப்பியில் எழுதுவேன். ஐந்து வருடமாக இதுதான் எங்கள் காலை.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், இரண்டு அடுக்குமாடிகளுக்கு இடையே நசுங்கி நிற்கும் பழைய வீடு எங்களுடையது. பின்வளவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது பத்தடிக்குப் பதினான்கு அடி. ஒரு கறிவேப்பிலை, உடுப்புக் காயப்போடும் கயிறு, மீதி கோழிக்கூடு. 2020இல் ஊரடங்கு தளர்ந்த கையோடு பெண்டம் என்ற குட்டையினக் கோழியில் ஒரு சேவலும் மூன்று பேடுகளும் வாங்கினேன். அப்போது நோக்கம் ஒன்றும் பெரிதில்லை, கடைக்குப் போகாமல் முட்டை கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். முட்டை கிடைத்தது. 28, 30 கிராமில், இலக்கம் 1இல்.

பிறகு ஒருநாள் மரான்ஸ் முட்டையின் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். பிரான்சில் லா ரோஷெல் நகருக்கு அருகே மரான்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கோழி, சாக்லேட் நிறத்தில் முட்டை போடும். அங்குள்ள வளர்ப்பாளர் கழகம் 1 முதல் 9 வரை நிற அளவுகோல் வைத்திருக்கிறது; 4க்குக் கீழே இருந்தால் அதை மரான்ஸ் முட்டையாகவே ஏற்பதில்லை. ஒன்பது கட்டம் என்ற யோசனை எனக்கு வந்தது அங்கிருந்துதான், ஆனால் என் அட்டையும் அவர்களுடையதும் ஒன்றல்ல. என்னுடைய 5ஐ அவர்களுடைய 5 என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மரான்ஸ் பெரிய கோழி. என் வளவில் நான்கு நின்றால் ஐந்தாவது திரும்ப இடமில்லை. வெளிநாட்டிலிருந்து அடைமுட்டை இறக்குவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும், அதெல்லாம் நாலு கோழி வளர்ப்பவனுக்குக் கட்டாது. ஆகவே கையில் உள்ளதை வைத்தே பார்ப்போம் என்று இறங்கினேன். சின்ன உடம்பு, கறுத்த முட்டை. கேட்கச் சின்ன ஆசைதான்.

2021இல் ஒரு முட்டைப் பண்ணையில் கழித்து விற்ற பழுப்பு முட்டை லேயர் பேடுகள் இரண்டை வாங்கி வந்தேன். இப்படிக் கழிக்கும் கோழிகளுக்கு ஒன்றரை வயது இருக்கும், இறகெல்லாம் தேய்ந்து, கழுத்து வெறுமையாக, பார்க்கவே பாவமாக இருக்கும். இரண்டு மாதம் ஓய்வு கொடுத்தேன். இறகு உதிர்த்துப் புதிதாக முளைத்து மறுபடி முட்டை போடத் தொடங்கியபோது அட்டையில் 4. பேடு 1.9 கிலோ, என் பெண்டம் சேவல் 800 கிராம். அவன் மனம் தளரவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அடைக்கு வைத்த 14 முட்டையில் 5 கருக்கட்டின. அதில் பேடு மூன்று.

அந்த மூன்றும் முட்டை போட்டபோது இலக்கம் 2, 2, 3. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாந்திருக்கத் தேவையில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

ஓட்டின் நிறம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் ஆகும். அதில் 20 மணித்தியாலம் வரை ஓடு கட்டுவதிலேயே போய்விடும். பழுப்பு கடைசிச் சில மணித்தியாலங்களில்தான் மேலே படிகிறது. புரோட்டோபோர்பிரின் என்ற பொருள் அது. இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் உருவாகும் வழியில் அதற்கு முந்திய படி. மேற்பூச்சு என்பதைக் கண்ணால் பார்க்கலாம். லேயர் போட்ட முட்டை ஒன்றை நானும் மகளும் ஒரு கோப்பை வினாகிரியில் பாதி மூழ்க நிறுத்தினோம். குமிழி கிளம்பியது. பத்து நிமிடம் கழித்துப் பழைய பற்தூரிகையால் தேய்க்க, பழுப்பு நுரைபோலக் கழன்று கீழே வெள்ளை ஓடு வந்தது. இடுப்பில் கோடு கிழித்த மாதிரி, மேலே பாண் நிறம், கீழே சுண்ணாம்பு. புறக்கோட்டையில் வாங்கிய, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் பழுப்பு முட்டைமேல் அடித்தால் அது தணல்போலச் சிவக்கும். அதுவும் இதே பொருளின் வேலைதான். அந்த விளக்கையே அளவுகோலாக்கலாமோ என்று ஒரு கிழமை மெனக்கெட்டேன். வெளிறிய முட்டையும் சேர்ந்து சிவக்கிறது, எனவே சரிவரவில்லை. மகளின் கூட்டாளிகளுக்கு வித்தை காட்டத்தான் உதவுகிறது.

நீல முட்டையின் கதை வேறு. சிலி நாட்டு அரவுக்கானா கோழிகளில் அது ஒரே ஒரு மரபணு, தாயோ தகப்பனோ ஒருவரிடம் இருந்து வந்தாலே போதும், ஓடு உள்ளும் புறமும் நீலம். பழுப்பு அப்படியில்லை. பல மரபணுக்கள் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து நிறம் கூட்டுகின்றன. 1 போடும் பரம்பரையையும் 4 போடும் பரம்பரையையும் கலந்தால் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறை சிதறும்: சிலது வெளிறும், சிலது கறுக்கும், சிலது பெரிது, சிலது சிறிது. பொறுக்க வேண்டிய இடம் அது. நான் ஏமாற்றத்தில் அந்த மூன்று பேடுகளையும் திரும்பப் பெண்டம் சேவலோடு விட்டிருந்தால், உடம்பு சிறுத்திருக்கும், நிறம் மறுபடி தேங்காய்ப்பாலுக்கே போயிருக்கும். கிட்டத்தட்ட அதைச் செய்யப் போனேன்.

அதற்குமுன் தீர்க்க வேண்டிய ஒன்று இருந்தது. எந்த முட்டை யாருடையது?

ஆறேழு பேடு ஒரே பெட்டியில் முட்டை போடும். ஒன்று எழும்பப் பார்த்து அடுத்தது உட்காரும். முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தேன். கேக்குக்குப் போடும் கலரிங்கை ஒவ்வொரு பேட்டின் பின்துவாரத்திலும் வெவ்வேறு நிறத்தில் பூசிவிட்டால் முட்டையில் அந்த நிறக் கீறல் விழும். விழுந்தது. அதோடு சிவப்பும் பச்சையும் பழுப்போடு கலந்து, அட்டையில் எந்தக் கட்டமென்று சொல்லவே முடியாமல் போய்விட்டது. நிறத்தை அளக்கப் போனவன் நிறத்தைப் பூசியிருக்கிறேன். மனைவி சிரித்த சிரிப்பு மேல்மாடிவரை கேட்டிருக்கும்.

பிறகு பொறிப்பெட்டி செய்தேன். ஒட்டுப்பலகையில் ஒவ்வொன்றும் 30 சென்ரிமீற்றர் அகலம், 35 ஆழம். முன்பக்கம் மேலே கீல் போட்ட மெல்லிய பலகைக் கதவு. அதை உள்பக்கமாக உயர்த்தி, ஒரு பழைய சைக்கிள் கம்பியை கொக்கிபோல வளைத்து முட்டுக் கொடுத்தேன். பேடு குனிந்து உள்ளே போகும்போது முதுகு கதவை இலேசாகத் தூக்கும், கம்பி நழுவும், கதவு பின்னால் விழும். முதல் நாள் கதவு வேகமாக விழுந்த சத்தத்தில் ஒரு பேடு பயந்து இரண்டு நாள் பெட்டிப் பக்கமே வரவில்லை, கறிவேப்பிலையடியில் போய் முட்டை போட்டது. கதவின் அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டியபின் சரி. பொறிப்பெட்டியின் கஷ்டம் அதைச் செய்வதில் இல்லை. ஒன்றரை மணிக்கொருதரம் போய்த் திறந்துவிட வேண்டும். கொழும்பு வெயிலில் பூட்டிய பெட்டிக்குள் கோழியை மறந்தால் முட்டையோடு கோழியும் அவியும். நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் மட்டும், கிழமையில் மூன்று நாள் பொறி வைத்தேன். அது போதுமாக இருந்தது. ஒரு பேட்டின் முட்டையை இருபது தடவை பார்த்தபின் வடிவத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

அளப்பதற்கும் சில ஒழுங்குகள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. முட்டை போட்ட அன்றே பார்க்க வேண்டும், வெளிச்சம் பட்டால் இந்த நிறம் மங்கும். ஈரமாக இருக்கும்போது பார்க்கக் கூடாது, ஈர முட்டை ஒரு கட்டம் கூடுதலாகக் காட்டும். போட்ட உடனே விரலால் துடைக்கவும் கூடாது; காயாத பூச்சில் கைரேகை பதிந்துவிடும். இளம்பேட்டின் முதல் முட்டைகளை நம்பக் கூடாது. எந்தப் பேடும் தொடங்கும்போது கறுப்பாகப் போடும், போகப் போக வெளிறும், இறகு உதிர்த்து ஓய்வெடுத்து வந்தால் மறுபடி கறுக்கும். இன்னொரு காரணமும் உண்டு: வயதேற முட்டை பெருக்கும், அதே அளவு சாயம் பெரிய ஓட்டில் பரவ வேண்டும். ஆகவே தொடங்கி ஒரு மாதம் கழித்து வரும் பத்து முட்டைகளின் சராசரிதான் என் கணக்கு. வெடி போட்ட நாளுக்கு மறுநாள் முட்டையையும் சேர்ப்பதில்லை. சித்திரை வருசத்துக்கும் தீபாவளிக்கும் அடுக்குமாடிப் பொடியன்கள் வெடி கொளுத்தினால் பேடுகள் பயத்தில் முட்டையை உள்ளேயே பிடித்துவைக்கும், அந்த நேரத்தில் பழுப்புக்கு மேலே சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு படலம் ஏறிவிடும். கொப்பியில் அந்த நாட்களுக்கு நேரே "வெடி" என்று மட்டும் எழுதியிருக்கும்.

2022ஐ விரைவாகத் தாண்டிவிடுகிறேன். தீவன விலை ஏறியது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. இன்குபேட்டர் வெறும் ரெஜிபோம் பெட்டியாகிவிட்டது. நல்லவேளை பெண்டம் பேடுகளுக்கு அடை கிடக்கும் பைத்தியம் உண்டு. இரண்டு பேடுகளின் கீழே அந்தக் கலப்புப் பேடுகளின் முட்டைகளை வைத்தேன். அவை 21 நாளும் தவறாமல் கிடந்து 13 குஞ்சு இறக்கின. மின்சாரமும் வேண்டாம், ஈரப்பதமும் பார்க்க வேண்டாம். அதில் மூன்றைக் காகம் கொண்டுபோனது, ஒன்றை மரநாய்.

அந்த ஆண்டில் இறங்கிய குஞ்சுகள்தான் சிதறிய தலைமுறை. வளர்ந்தபோது பேடுகளில் ஒன்று 850 கிராம், இன்னொன்று 1.4 கிலோ. நிறத்தில் 1 இலிருந்து 4 வரை. 850 கிராமில் இருந்தது 2. 4 போட்டது 1.3 கிலோ. எப்போதும் இப்படித்தான் அமையும் போல! சின்னதும் கறுப்பும் ஒரே கோழியில் சேர மாட்டேன் என்கிறது. நடுவில் நின்ற மூன்று பேடுகளை வைத்துக்கொண்டேன்: 3, 3, 4. சேவல்கள் இரண்டை வைத்தேன்.

அந்த இரண்டையும் பற்றித்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஒருவன் ராசா. கறுப்பு வால், செம்பொன் கழுத்து, நெஞ்சை நிமிர்த்தி நடப்பான். மற்றவன் மொட்டைவால். நிறமும் கலங்கல், வாலும் சரியாக வளரவில்லை, காலை மூன்றரைக்கே கூவத் தொடங்கிவிடுவான். பேட்டின் முட்டையை அட்டையில் வைத்துப் பார்க்கலாம். சேவலுக்கு என்ன அட்டை? முட்டை நிறத்தில் பாதி அவன் கொடுப்பது, ஆனால் அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. தாய் என்ன நிறம் போட்டாள், கூடப் பிறந்தவள்கள் என்ன போடுகிறாள்கள் என்பதை வைத்து ஊகிக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அவனுடைய மகள்கள் முட்டை போடும்வரை காத்திருக்க வேண்டும். இவர்கள் இருவரும் ஒரே தாயின் பிள்ளைகள், ஆகவே ஊகமும் சமம்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். பரிசோதனையைக்கூட ஒழுங்காகத்தான் அமைத்தேன். 2023 ஆடியில் ராசாவை அந்த மூன்று பேடுகளோடு விட்டு முட்டை சேர்த்தேன். பிறகு அவனைப் பிரித்து நான்கு கிழமை சும்மா விட்டேன். சேவலைப் பிரித்தபின்னும் இரண்டு மூன்று கிழமை வரைக்கும் அவனுடைய விந்து பேட்டின் உடம்புக்குள் உயிரோடு இருக்கும், அவசரப்பட்டால் குஞ்சுக்குத் தகப்பன் யாரென்று தெரியாது. அப்புறம் மொட்டைவால். ராசாவின் குஞ்சுகளுக்குக் காலில் நீலக் கேபிள் டை, மொட்டைவாலின் குஞ்சுகளுக்கு மஞ்சள். (கேபிள் டையை இரண்டு கிழமைக்கொருமுறை மாற்ற வேண்டும். ஒரு குஞ்சுக்கு மறந்துபோய்க் கால் வீங்கிவிட்டது. வெட்டி எடுத்து மஞ்சள் பூசிக் காப்பாற்றினேன், இன்றும் அது கொஞ்சம் நொண்டும்.)

இடையில் ஒரு தீவனக் குழப்பம். வழக்கமான லேயர் தீவனம் இல்லையென்று கடையில் வேறொரு பையைத் தந்தார்கள், நானும் பார்க்காமல் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் 4 போடும் பேடு 1 போட்டது. மற்றவையும் வெள்ளையடித்த மாதிரி. நோய் வந்துவிட்டதென்று நெஞ்சு திக்கென்றது, ஏனென்றால் சுவாசக்குழாய் அழற்சி வைரஸ் வந்தாலும் இப்படி வெளிறும். கோழிகளோ நன்றாகத் தின்று திரிந்தன. பையின் சீட்டைத் தேடி வாசித்தால் நிகார்பசின் என்று இருந்தது. அது இரத்தக் கழிச்சலுக்கு எதிராக இறைச்சிக் கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்து. முட்டைக் கோழி தின்றால் ஓட்டின் பழுப்பு நின்றுவிடும், குஞ்சு பொரிப்பதும் குறையும். பையை மாற்றிய ஒரு கிழமைக்குள் நிறம் திரும்பியது. வாசிக்காத பிழை என்னுடையது. அந்த இரண்டு கிழமை முட்டைகளை அடைக்கு வைக்கவில்லை, தின்னவும் இல்லை.

தீவனத்தால் நிறத்தை அழிக்கலாம், கூட்ட முடியாது. முருங்கையிலை போடு, தேயிலைச் சக்கை போடு, வெங்காயத் தோல் போடு என்று எல்லோரும் சொன்னார்கள். முருங்கையிலை போட்டால் மஞ்சள்கரு நல்ல செம்மஞ்சளாகும். ஓட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தேயிலைச் சக்கை என் கறிவேப்பிலைக்குப் போகிறது.

சரி, மொட்டைவால். மார்கழியில் மேல்மாடி அன்ரி மதிலடிக்கு வந்தார்.

"தம்பி, உங்கட சேவல் மூண்டரைக்குக் கூவுது. பிறகு எனக்கு நித்திரை வாறேல்ல. குளிசை போட்டும் வாறேல்ல."

"ஒரு வழி செய்யிறன் அன்ரி."

"கோபிக்காதேங்கோ, என்ன. முட்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல."

அவர் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டு சேவலில் ஒன்று போக வேண்டும். ராசாவைப் பார்த்தேன், மொட்டைவாலைப் பார்த்தேன். கண் முடிவு செய்துவிட்டது. வத்தளையில் வளவுள்ள ஒரு தெரிந்த தம்பியிடம் மொட்டைவாலைக் கொடுத்தேன், "வளர்க்கத்தான்" என்று சொல்லி. கூடவே அவனுடைய இரண்டு மகன்களையும். மூன்றாவது மகனுக்குக் கால்விரல் வளைந்திருந்தது, அதை அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

கறுத்த முட்டைப் பரம்பரைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கும் என்று சொல்வார்கள், என் கோழிகளும் அப்படித்தான். நீலக்கட்டுப் பேடுகள் 2024 பங்குனியில் தொடங்கின. முதல் முட்டைகள் 4, பிறகு 3இல் நிலைத்தன. தாய்களைவிட ஒன்றும் கூடவில்லை. மே 2ஆம் திகதி மஞ்சள்கட்டுப் பேடு ஒன்று பொறிப்பெட்டிக்குள் போய் முக்கால் மணித்தியாலம் இருந்தது. திறந்து பார்த்தபோது சிறிய, மினுங்கல் இல்லாத, ஒரு பக்கம் நகக் கீறலோடு கருப்பட்டித் துண்டு மாதிரி ஒன்று கிடந்தது. காயவிட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் அட்டையில் மேலே கீழே நகர்த்திப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆறு" என்றாள். முதல் முட்டைதானே, குறையும் என்று சொன்னேன். குறைந்தது, 5இல் நின்றது. அடுத்த மஞ்சள்கட்டுப் பேடு 4. மூன்றாவது 5. நான்காவது 4. அதே தாய்கள், அதே தீவனம், அதே கூடு. தகப்பன் மட்டும் வேறு.

வத்தளைக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ அண்ணை, அது சித்திரை வருசத்துக்குக் கறியாப் போச்சே. ஏன், திருப்பி வேணுமெண்டு சொல்லியிருக்கலாமே."

மகன்களும்தான். பதினெட்டு நாள் வித்தியாசம். அன்று பின்னேரம் நான் ராசாவோடு கதைக்கவில்லை.

மிஞ்சியவன் வளைந்த விரல்காரன். விரல் வளைவது பரம்பரையாகவும் வரலாம், இன்குபேட்டர் சூடு ஏறி இறங்கியதாலும் சத்துக் குறைவாலும் வரலாம். எனக்கு வேறு வழியில்லை. மொட்டைவாலின் இரத்தம் சேவல் பக்கத்தில் அவனிடம் மட்டுந்தான் இருந்தது. மஞ்சள்கட்டுப் பேடுகள் அவனுக்குத் தகப்பன்வழிச் சகோதரிகள். அவற்றில் 5 போட்ட இரண்டோடும், நீலக்கட்டில் நன்றாக இருந்த ஒன்றோடும் அவனைச் சேர்த்தேன். நெருங்கிய உறவுக்குள் ஒரு தலைமுறை போகலாம். தொடர்ந்து போனால் கருக்கட்டல் குறையும், குஞ்சு நோஞ்சானாகும். அதனால் அடுத்த சுற்றுக்கு வெளியிலிருந்து ஒரு பேடு வர வேண்டும் என்று கொப்பியின் அட்டையிலேயே பெரிதாக எழுதி வைத்தேன்.

2025 தை கடைசியில் 18 முட்டை இன்குபேட்டரில் வைத்தேன். 37.5 பாகை. கொழும்பில் அடைவைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து முதல் நாளிலிருந்தே தண்ணீர் ஊற்றாதீர்கள். இங்கே 28 பாகையில் 80 வீத ஈரப்பதமுள்ள காற்று, பெட்டிக்குள் போய் 37.5 பாகைக்குச் சூடாகும்போது தானாகவே 47 வீதமளவில் வந்து நிற்கும். தேவையானதும் அதுதான். நான் முன்பு தண்ணீர் ஊற்றி, முட்டைக்குள் நீர் வற்றாமல், கடைசி நாளில் முழுவளர்ச்சியடைந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது கடைசி மூன்று நாள் மட்டுமே ஊற்றுகிறேன். இடையில் குசினித் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். 18ஆம் நாளில் எடை 12, 13 வீதம் குறைந்திருக்க வேண்டும். கறுத்த முட்டைக்குத் தராசு இன்னும் அவசியம், டோர்ச் அடித்தால் உள்ளே ஒன்றும் தெரியாது.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை போல நாடு முழுதும் மின்சாரம் போனது. பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு மின்கட்டமைப்பில் கைவைத்ததாம். நாடே சிரித்துக்கொண்டிருக்க, நான் இன்குபேட்டருக்குக் கம்பளி போர்த்திச் சுடுதண்ணிப் போத்தல் வைத்துக்கொண்டிருந்தேன். 12ஆம் நாள். அந்தக் கட்டத்தில் சில மணித்தியாலம் குளிர்வதை முட்டை தாங்கும், பேடும் தீன் தின்ன எழும்பிப் போகிறதுதானே. சூடு மிஞ்சினால்தான் தாங்காது. 18இல் 11 பொரித்தன. ஒன்றுக்கு விரல் வளைவு.

ஆறு பேடு தேறின. புரட்டாதியில் தொடங்கின. ஒரு மாதம் கழித்த சராசரி, கொப்பியில் உள்ளபடி: 5, 4, 5, 3, 6, 5. அந்த 6 போடும் 31ஆம் இலக்கப் பேட்டைப் பற்றிப் பெருமை பேசுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவளுடைய முட்டை 33 கிராம்தான், மற்றவை 38, 40. சின்ன ஓட்டில் சாயம் அடர்த்தியாகத் தெரிவதும் அதில் ஒரு பங்கு. எடை சராசரி 950 கிராம். தூய பெண்டம் வைத்திருப்பவர் யாரும் இதைப் பெண்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்குப் பரவாயில்லை, வளவுக்குள் அடங்குகிறது.

கூவலுக்கும் ஒரு வழி செய்திருக்கிறேன். இரவில் சேவல்கள் தனித்தனிப் பலகைப் பெட்டிக்குள் தூங்கும். நிற்கலாம், திரும்பலாம், ஆனால் கழுத்தை முழுதாக நீட்டிக் கூவ உயரம் போதாது. பக்கவாட்டில் நிறையக் காற்றுத் துளை, பின்னால் பழைய கணினி ஒன்றின் சின்ன விசிறி. ஏழு மணிக்குத்தான் திறப்பேன். முழுதாக நிற்காது, தொண்டைக்குள்ளே ஒரு முனகல் கேட்கும். அன்ரி இப்போது கிழமைக்கு நான்கு முட்டை எடுக்கிறார், "அந்தக் கறுத்தது ரெண்டு வையுங்கோ" என்று தனியாகக் கேட்டு. சமைத்தால் ருசி ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை.

பெட்டிகளில் இப்போது மூன்று சேவல். ஒருவனும் ராசாவைப்போல அழகில்லை. கொப்பியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: தாய், தகப்பன், எடை, சேர்த்த பேடுகள், பிள்ளைகளின் கட்டு நிறம். கடைசி வரி "முட்டை நிறம்", அது மூன்று பக்கத்திலும் இன்னும் வெறுமை. யாரோ ஒருவர் தீபாவளிக்கு ஒன்று தரச் சொல்லிக் கேட்டிருந்தார், இல்லையென்றுவிட்டேன். அவர்களில் 27ஆம் இலக்கக்காரனின் மூத்த மகளுக்கு இந்தக் கிழமையோடு 19 கிழமை. நேற்றிலிருந்து அவள் பொறிப்பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.